இல்ல முறை (பள்ளி)

இல்ல முறை என்பது ஒரு பள்ளியின் மாணவர்களை வகுப்பு, வயது வேறுபாடின்றிச் சில பெரும் பிரிவுகளாகப் பகுக்கும் முறையாகும். ஒவ்வொரு பிரிவும் இல்லம் எனப்படும். தமிழ்நாட்டில் அணி, குழு, ஹவுஸ் ஆகிய சொற்களும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் இல்லம் என்பதே நிலைபெற்ற சொல்லாகும். ஆறாம் வகுப்பு மாணவரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் ஒரே இல்லத்தின் உறுப்பினராக இருப்பது இம்முறையின் அடிப்படைக் கூறாகும். இல்லத்தைச் சிறு குழுக்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் விடும்போது அக்குழு பல்வயது வழிகாட்டிக் குழு ஆகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இம்முறை மகிழ் முற்றம் என்ற பெயரில் 2024 நவம்பரில் தொடங்கப்பட்டது. ஐந்திணைகளின் பெயர்களே இதில் குழுக்களின் பெயர்களாக உள்ளன. மலை, வயல், கடல் ஆகியவை அடுத்தடுத்து அமைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்பெயரீடு தனிக் கவனத்திற்கு உரியதாகிறது.

வரலாறு

இல்ல முறை இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் தோன்றியது. அங்கு இல்லம் என்பது மாணவர்கள் தங்கியிருந்த உண்மையான வீட்டையே குறித்தது. ஒரே வீட்டில் பல வயதினர் வாழ்ந்தமையால் மூத்தவர் இளையவரைக் கவனிக்கும் வழக்கம் ஏற்பட்டது. பின்னர் பகல்நேரப் பள்ளிகளும் இதனைப் பின்பற்றின. அங்கு வீடு இல்லை. பெயரும் நிறமும் போட்டிகளும் மட்டும் எஞ்சின.

மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பது தமிழகத்துக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பல வயதுப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் ஒன்றாக அமர்ந்து பயின்றனர். ஆசிரியருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவர் இருந்தார். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியாக இது மதராஸ் முறை என்று பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள மெட்ராஸ் கல்லூரி என்னும் பள்ளி, அம்முறையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், மயிலாடியில் ரிங்கல்தௌபே இலண்டன் மிசனரி சங்கத்தின் பணியைத் தொடங்கினார். நாகர்கோவிலில் 1819 இல் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

கேந்திரிய வித்யாலயங்களில் சிவாஜி, தாகூர், அசோகா, இராமன் எனவும், நவோதயா வித்யாலயங்களில் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி எனவும் இல்லப் பெயர்கள் பரவலாக வழங்குகின்றன. நவோதயா பள்ளிகள் உறைவிடப் பள்ளிகளாதலால் அங்கு இல்லம் தங்குமிடத்தையும் குறிக்கும். இலங்கையில் பள்ளியோடு தொடர்புடைய பெரியோரின் பெயர்களை இல்லங்களுக்குச் சூட்டுவது வழக்கம். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி ஆகிய இல்லங்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள். அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டி ஊர் கூடும் விழாவாகவே உள்ளது.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-2008 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக அமரச் செய்து, அவரவர் கற்றல் நிலைக்கேற்பக் குழுவாக்கியது. ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகள் இதற்கு முன்மாதிரியாக இருந்தன. செயல்வழிக் கற்றல் பாடம் கற்பதற்கான ஏற்பாடாகும். இல்ல முறையோ மாணவரின் நலனையும் உறவுகளையும் சார்ந்தது.

அமைப்பு

இம்முறையின் செயற்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள ஏழு வகுப்புகளிலும் வகுப்புக்கு 100 பேராக 700 மாணவர் பயிலும் பள்ளியில் ஐந்து இல்லங்கள் அமைத்தால், இல்லத்திற்கு 140 பேர் வருவர். ஓர் இல்லத்தை ஐந்து குழுக்களாக்கினால், குழுவுக்கு 28 பேர், அதாவது ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் நால்வர் இருப்பர். மொத்தம் 25 குழுக்களுக்கு 25 ஆசிரியர் தேவை. எனவே பாடம் நடத்தும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதில் பங்கேற்க வேண்டியிருக்கும். ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பள்ளிகளில் இது முதல் தடையாகிறது.

குழுவின் வழக்கமான பணிகள் பின்வருமாறு:

- குறித்த நேரத்தில் கூடி வருகையைக் கவனித்தல். தொடர்ந்து வராதவரின் வீட்டுச் சூழலை அறிதல்
- புதிதாகச் சேரும் ஆறாம் வகுப்பு மாணவருக்கு மூத்தவர் ஒருவரைத் துணையாக்குதல்
- பொதுத் தேர்வு எழுதியவர்கள் தம் பட்டறிவை இளையவருடன் பகிர்தல்
- விளையாட்டு, கலை, தூய்மைப் பணி முதலியவற்றில் இல்லத்திற்குப் புள்ளிகள் ஈட்டுதல்

மாணவர் ஆண்டுதோறும் வகுப்பு மாறினாலும், பள்ளியை விட்டு நீங்கும் வரை அதே குழுவில் நீடிப்பது இதன் சிறப்பாகும். வகுப்பாசிரியர் ஓராண்டில் மாறக்கூடும். வழிகாட்டி ஆசிரியர் ஒரு மாணவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அறிகிறார். ஒவ்வோர் ஆண்டும் மூத்த நால்வர் விடைபெற, புதிய நால்வர் சேர்வர். இதனால் புதியவர் ஏற்கனவே பழகிய ஒரு குழுவினுள் நுழைகின்றனர்.

குமரி மாவட்டச் சூழல்

மகிழ் முற்றத்தின் குழுக்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்பனவாகும். குமரி மாவட்டத்தில் பாலை நீங்கலான நால்வகை நிலங்களும் உள்ளன எனக் கூறுவர். பேச்சிப்பாறையைச் சூழ்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி குறிஞ்சியாகும். மலையடிவாரக் காடுகள் முல்லையாகும். பழையாற்றுப் பாசனம் பெறும் நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள் மருதமாகும். கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளும் கடற்கரை நெய்தலாகும். பாலைக்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலையே பாலை என்பது தமிழ் மரபு.

இம்மாவட்டத்தில் நிலம் வெறும் நிலமன்று. மலையில் காணிப் பழங்குடியினரும், வயல்பகுதியில் வேளாண் குடியினரும், கடற்கரையில் மீனவரும் பெரும்பாலும் தனித்தனி ஊர்களில் வாழ்கின்றனர். தொழில், சமயம், சாதி, பேச்சுவழக்கு ஆகியவையும் இவ்வெல்லைகளை ஒட்டியே வேறுபடுகின்றன. உயர்நிலைப் பள்ளியே இவ்வூர்களின் பிள்ளைகள் முதன்முறையாகச் சந்திக்கும் இடமாக அமையக்கூடும். எனவே இல்லப் பெயரை மாணவரின் ஊரோடு பொருத்துவது இம்முறையின் நோக்கத்திற்கு நேர்மாறானதாகும். முட்டத்து மாணவி குறிஞ்சியிலும் தோவாளை மாணவி நெய்தலிலும் இருக்கும்போதே குழு தன் பணியைச் செய்கிறது.

பிரிக்கும் முறை

அண்டை மாவட்டமான திருநெல்வேலியின் நாங்குநேரியில் 2023 ஆகத்தில் பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவரது தங்கையும் உடன்பயின்றோரால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். இதனையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிவதைத் தடை செய்தல், அகரவரிசைப்படி இருக்கை ஒதுக்குதல் ஆகியன அதன் பரிந்துரைகளுள் அடங்கும்.

இல்ல முறையும் நிறங்களைப் பயன்படுத்துவதே. ஆனால் கையிலுள்ள கயிறு பிறப்பால் வருவது. இல்லத்தின் நிறம் பள்ளி தருவது. இவ்வேறுபாடு நிலைக்க, பிரிக்கும் முறை அனைவரும் அறியும்படி இருத்தல் வேண்டும். குலுக்கல், சேர்க்கை எண் வரிசை, அகரவரிசை ஆகியன பொதுவான வழிகள். நண்பரோடு சேர விரும்புவோருக்கு மாற்றம் அளித்தால், ஓரிரு ஆண்டுகளில் இல்லங்கள் ஊராகவும் சாதியாகவும் திரும்பிவிடும். உடன்பிறந்தாரை ஒரே இல்லத்தில் சேர்ப்பதைப் பல பள்ளிகள் விதிவிலக்காக ஏற்கின்றன.

குறைபாடுகள்

இம்முறையின் மீது சில குறைகள் கூறப்படுகின்றன. மூத்தவருக்கு அளிக்கப்படும் அதிகாரம் இளையவரை அடக்குவதாக மாறலாம். இங்கிலாந்தின் பழைய உறைவிடப் பள்ளிகளில் இளையோர் மூத்தோருக்கு ஏவல் செய்யும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையும் பிறரை அதட்டுபவர் என்ற பொருளிலேயே இன்றைய பேச்சுவழக்கில் எஞ்சியுள்ளார். ஆகவே தண்டிக்கும் உரிமை மாணவத் தலைவருக்கு அளிக்கப்படலாகாது.

தேர்வு நெருங்கும்போது குழு நேரம் பாட நேரமாக்கப்படுவதும் உண்டு. குழு கூடாத பள்ளியில் இல்லம் என்பது ஆண்டுக்கொருமுறை விளையாட்டு விழாவில் அணியும் சட்டையின் நிறமாகச் சுருங்கிவிடுகிறது. குழு தவறாமல் கூடும் பள்ளியிலோ, ஒரு மாணவர் வராத நாளை அவரது வகுப்பைச் சேராத சிலரும் உடனே அறிவர். படிப்பை இடையில் நிறுத்துவோரைத் தொடக்கத்திலேயே கண்டறிய இது உதவும்.