கோடுகள் சொல்லும் கதை

மாணவர்களே! எழுத்தறியாத குழந்தையும் ஒரு படத்தைக் கண்டால் நின்று நோக்கும், நோக்கியபின், "பிறகு என்ன?" என்று வினவும். அவ்வினாவே கதைக்கு வித்தாகும். தனிப் படம் ஒரு காட்சியைக் காட்டி அமையும். அதன் பக்கத்தில், அதனைத் தொடர்ந்த மற்றொரு படத்தை வைத்துவிட்டால், இரண்டிற்கும் இடையே காலம் ஓடத் தொடங்குகின்றது, கதையும் பிறக்கின்றது. இவ்வாறு படங்களை நிரல்பட நிறுத்திக் கதை கூறும் கலையே படக்கதை எனப்படும். ஜப்பானியர் இதனை 'மங்கா' என்பர். அந்நாட்டுப் படக்கதைகளை இன்று நம் பிள்ளைகள் பலர் விரும்பிப் படிக்கின்றனர். தாமும் அவைபோல வரைய விழைகின்றனர். அவ்விழைவு நன்று. ஆயினும், பிறர் வரைந்ததைப் பார்த்து எழுதுவது வேறு. தமக்கென ஒரு கதையை எண்ணித் திட்டமிட்டு வரைவது வேறு. பின்னதற்குரிய வழியை ஈண்டுக் காண்போம்.

படத்தாற் கதை கூறுதல் தமிழர்க்குப் புதியதன்று. போரிலும் ஆநிரை மீட்பதிலும் உயிர்நீத்த வீரர்க்கு நம் முன்னோர் கல் நட்டு வழிபட்டனர். அந்நடுகற்களுட் சில மூன்று அடுக்குகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. கீழடுக்கில் வீரன் பகைவரோடு பொருகின்றான். நடுவடுக்கில் அரமகளிர் அவனை மேலே அழைத்துச் செல்கின்றனர். மேலடுக்கில் அவன் விண்ணுலகில் வீற்றிருக்கின்றான். கீழிருந்து மேலாகப் படித்தற்குரிய மூன்று கட்டப் படக்கதை அது. வீரன் உயிர் பிரிந்த கணத்துக்கு அங்கே தனிக் கட்டம் இல்லை. முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் இடையில் அஃது ஒளிந்து நிற்கின்றது. காண்பார் நெஞ்சமே அதனை உணர்ந்துகொள்கின்றது. இக்குறிப்பை நினைவில் இருத்துங்கள். படக்கதையின் உயிர்நிலை இதுவே.

முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோம். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்தில் தீட்டிய ஓவியங்களின் அடியில் அவை நெடுங்காலம் மறைந்து கிடந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ஆம் ஆண்டில் அவற்றை உலகறியச் செய்தார். அவற்றுள் ஒன்று சுந்தரர் வரலாறு. முதியவர் ஒருவர் ஓலை காட்டி வழக்காடுவதும், சுந்தரர் யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்கு விரைவதும் அச்சுவரில் உள்ளன. சுந்தரர் ஒருவரே, ஆயினும் ஒரே சுவரில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றார். அவர் வாழ்வின் காலம் சுவர் முழுவதும் பரந்து கிடக்கின்றது. அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் அவர் வரலாற்றோடு இயைந்த ஊர்கள். ஆதலின், திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இப்படக்கதையின் தலைவர் அயலார் அல்லர்.

ஜப்பான் நாட்டில் ஹொக்குசாய் என்னும் ஓவியர் 1814-ஆம் ஆண்டு முதலாக வெளியிட்ட வரைபடத் தொகுதிகள் 'மங்கா' என்ற பெயரைத் தாங்கின. எனினும், நாம் இன்று காணும் வடிவத்தை அக்கலைக்கு அளித்தவருள் தலையாயவர் ஒசாமு தெசுகா ஆவார். 1947-இல் வெளிவந்த 'புதிய புதையல் தீவு' என்னும் நூல் அவர் புகழைப் பரப்பிற்று. அவர் திரைப்படத்தின் நெறியைத் தாளுக்குக் கொணர்ந்தார். ஓடும் வண்டியை ஒரு படத்தில் காட்டி முடிக்காமல், தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும் பல கட்டங்களில் அவர் காட்டுவார். உள்ளத்து உணர்ச்சி நன்கு புலப்படுமாறு மாந்தர்க்குக் கண்களைப் பெரியனவாக வரைந்தார். புத்தர் பெருமானின் வரலாற்றையும் அவர் 1972 முதல் 1983 வரை படக்கதையாக வரைந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழ்நாட்டிலும் இக்கலை அச்சேறியது. தினத்தந்தி நாளிதழில் 1960-ஆம் ஆண்டு தொடங்கிய 'கன்னித்தீவு', நாள்தோறும் சில கட்டங்களாக வெளிவந்து பல தலைமுறையினரைக் கவர்ந்தது. சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், அயல்நாட்டுப் படக்கதைகளைத் தமிழாக்கி ஊர்தோறும் பரப்பியது. பிறர் கதைகளைப் படித்து மகிழ்ந்த நாம், நம் கதைகளையும் வரைதல் வேண்டும் அன்றோ?

இது பற்றித் திருப்பூரில் யான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன். ஆங்குள்ள பள்ளி ஒன்றில் மாணவி ஒருத்தி தான் வரைந்த படக்கதையை என்னிடம் காட்டினாள். பொன்னிற முடியும் நீண்ட வாளும் உடைய இளைஞன் ஒருவன் பனிமலையில் நடந்துகொண்டிருந்தான். கோடுகள் திருத்தமாக இருந்தன. ஆயினும் ஐந்து கட்டங்களோடு கதை நின்றுவிட்டது. "அடுத்து இவன் வீட்டுக்குச் செல்ல வேண்டும், ஐயா. அவன் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை" என்றாள். "உனக்கு எந்த வீடு தெரியும், அம்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் தலைகுனிந்திருந்தாள். பிறகு, "எங்கள் வீடு தெரியும்" என்றாள். அவள் தாய் பனியன் தொழிலகத்தில் நூற்பிசிர் நறுக்குபவர். அவ்வீட்டையே வரையுமாறு கூறினேன். அவள் அதனை வரைந்த முறையைக் கொண்டே இக்கலையின் படிகளை விளக்குகின்றேன்.

நொய்யலாற்றங்கரையில் உள்ள திருப்பூரில் ஒரு பனியன் எவ்வாறு உருவாகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். நூல் பின்னப்பட்டுத் துணியாகும், சாயம் ஏறும், அளவுப்படி வெட்டப்படும், தைக்கப்படும், பிசிர் நீக்கித் தேய்த்து மடித்துப் பெட்டியில் அடுக்கப்படும். வெட்டுவதற்கு முன் அளவு பார்க்காதவன் துணியை வீணாக்குவான். படக்கதையும் அத்தகையதே. மை தொடுவதற்கு முன்பே கதை முழுவதையும் அளந்துகொள்ளுதல் வேண்டும்.

முதற்படி கருவைத் தேர்தல். அதனை ஒரே தொடரில் கூற இயல வேண்டும். அவ்வாறு கூற இயலாதாயின், கரு இன்னும் தெளியவில்லை என்பது பொருள். அம்மாணவி, "அம்மாவின் கை உறக்கத்திலும் வேலை செய்கின்றது" என்று எழுதினாள். இத்தொடரை அவள் எந்த நூலிலிருந்தும் எடுத்தாளவில்லை. தன் கண்ணாற் கண்டு அறிந்தாள். கண்டதை வரைவோனுக்குக் கட்டங்கள் இடையில் நின்றுபோவதில்லை.

இரண்டாம் படி மாந்தரை அமைத்தல். ஒருவரை எத்தனை கட்டங்களில் வரையினும் அவர் இன்னார் என அடையாளம் தெரிதல் வேண்டும். இதற்காக, ஒவ்வொரு மாந்தரையும் நேராகவும், பக்கவாட்டிலும், பின்புறமாகவும் தனித்தாளில் வரைந்து பழகுதல் நலம். உயரம், முடி, உடை, நிற்கும் நிலை ஆகியவற்றுள் ஒன்றேனும் பிறரினின்றும் வேறுபட வேண்டும். அம்மாணவி தன் தாயின் கூந்தலில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசினை அடையாளமாகக் கொண்டாள்.

மூன்றாம் படி கதையைப் பகுத்தல். ஜப்பானில் நான்கே கட்டங்களால் ஆகிய படக்கதை வகை ஒன்று உண்டு. தோற்றம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என நான்கு கூறுகளாக அதனை அமைப்பர். புதிதாக வரைவோர்க்கு இதனினும் ஏற்ற பயிற்சி இல்லை. மாணவியின் கதை இவ்வாறு அமைந்தது: முதற் கட்டத்தில் இரவு, சுவர்க் கடிகாரம் ஒன்பது மணி காட்டுகின்றது, வாயிற்படியில் சிறுமி காத்திருக்கின்றாள். இரண்டாம் கட்டத்தில் தாய் வருகின்றாள், கூந்தலில் பஞ்சு. மூன்றாம் கட்டத்தில் தாய் பாயில் உறங்குகின்றாள். அவள் விரல்கள் மட்டும் கத்திரி பிடித்தவைபோல அசைகின்றன. நான்காம் கட்டத்தில் சிறுமியின் சிறு கை அவ்விரல்களைப் பற்றிக்கொண்டிருக்கின்றது.

நான்காம் படி முன்வரைவு. ஜப்பானியர் இதனை 'நேமு' என்பர். கட்டங்களை அளவிட்டு, மாந்தரை வெறுங் கோட்டுருவங்களாக நிறுத்தி, உரையாடல் வரும் இடத்தைக் குறித்துவிடுவர். இதழாசிரியர் இம்முன்வரைவைப் படித்துத் திருத்தம் கூறிய பின்னரே ஓவியர் மேலே செல்வர். அழகிய படத்தை அழிக்க எவருக்கும் மனம் வாராது. கோட்டுருவத்தை அழிக்கத் தயக்கம் இராது. ஆதலின், பிழையைத் திருத்துதற்குரிய காலம் இதுவேயாகும்.

கட்டத்தின் அளவும் பொருள் தரும். அகன்ற கட்டம் கண்ணை நிறுத்தும். ஒடுங்கிய கட்டங்கள் அடுத்தடுத்து வரின் விரைவு தோன்றும். தொலைவுக் காட்சி இடத்தை உணர்த்தும். அண்மைக் காட்சி உள்ளத்தை உணர்த்தும். அம்மாணவி மூன்றாம் கட்டத்தை ஏனையவற்றினும் பெரியதாக்கி, அதில் கையை மட்டுமே வரைந்தாள். முகம் வரையாமலே முகத்தின் களைப்பு விளங்கிற்று. ஜப்பானிய நூல்களை வலமிருந்து இடமாகப் படிப்பர்; நம் எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வது. ஆதலின், கட்டங்களை நம் முறையிலேயே நிரல்படுத்துதல் வேண்டும். பேசுவோரில் முதலில் பேசுபவரின் உரைக்குமிழி இடப்புறத்திலும் மேலேயும் அமைதல் வேண்டும்.

இனி, சொற்களைப் பற்றிக் கூறுவோம். படம் சொல்லிவிட்டதைச் சொல் மீண்டும் சொல்லுதல் ஆகாது. ஒலியைக் காட்டுதற்கு நம் மொழியில் இரட்டைக்கிளவிகள் நிறைந்துள்ளன. தையற்பொறி தடதடக்கும், கத்திரி நறுக்நறுக்கெனும், மழை சடசடக்கும். இவற்றைப் படத்தினுள்ளேயே தடித்தும் மெலிந்தும் சாய்ந்தும் எழுதினால், கண்ணே செவியாகும். ஜப்பானியரும் ஒலிக்குறிப்புச் சொற்களை இவ்வாறே ஆள்கின்றனர். ஓசையற்ற அமைதியைக் காட்டவும் அவர்களிடம் 'ஷீன்' என்றொரு குறிப்புச் சொல் உண்டு!

அம்மாணவி தன் மூன்றாம் கட்டத்தின்மேல், "என் தாய் உறக்கத்திலும் உழைக்கின்றாள்" என்று எழுதியிருந்தாள். யான் அத்தொடரை என் கைவிரலால் மறைத்து, "இப்போது ஏதேனும் குறைகின்றதா, பார்" என்றேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். பின்பு தானே அழிப்பானை எடுத்து அதனை நீக்கினாள். நடுகற் சிற்பி செதுக்காமல் விட்ட கணத்தைப்போல, அச்சொற்களும் படத்தினுள் மறைந்து நின்றன.

ஐந்தாம் படி முடிவான வரைதல். முன்வரைவினைத் தூய தாளில் கரிக்கோலால் மெல்லென வரைந்து, அதன்மேல் மைக்கோடு இடுதல் வேண்டும். அருகில் உள்ளனவற்றிற்குத் தடித்த கோடும், தொலைவில் உள்ளனவற்றிற்கு மெல்லிய கோடும் பொருந்தும். மை நன்கு உலர்ந்த பின்னரே கரிக்கோல் தடத்தை அழித்தல் வேண்டும். விரைந்தால் தாள் முழுதும் கறைபடும். ஜப்பானியப் படக்கதைகளுட் பெரும்பாலன கருமையும் வெண்மையும் கொண்டே அமைவன. ஆதலின் வண்ணத்துக்குச் செலவு இல்லை. ஒரு கரிக்கோல், ஒரு கரிய மைக்கோல், ஓர் அளவுகோல், சில தாள்கள் ஆகியனவே போதும். அம்மாணவி, பனியன் மடிப்பினுள் வைக்கும் அட்டை ஒன்றையே வரைபலகையாகக் கொண்டாள்.

படம் முடிந்த மறுநாள், அது வகுப்பில் கைக்குக் கை மாறிற்று. கடைசி வரிசையில் ஒடிசா மாநிலத்திலிருந்து பெற்றோருடன் வந்த மாணவன் ஒருவன் இருந்தான். தமிழ் அவனுக்கு இன்னும் கைவரவில்லை. பிள்ளைகளோடு அவன் பேசுவதும் இல்லை. தாள் அவனிடம் வந்தது. முதற் கட்டத்திலிருந்து நான்காம் கட்டம் வரையில் மெல்ல நோக்கினான். மீண்டும் மூன்றாம் கட்டத்துக்கு வந்து அதன்மேல் விரலை வைத்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பலகைமீது வைத்து, முன்னும் பின்னுமாகத் தேய்த்துக் காட்டினான். எவருக்கும் முதலில் விளங்கவில்லை. அம்மாணவியே உணர்ந்தாள். "இவன் அப்பா துணி தேய்ப்பவர், ஐயா!" என்று கூவினாள். அவன் தலையசைத்துச் சிரித்தான். அவள் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, அதில் நான்கு கட்டங்கள் கிழித்து, அவன்முன் வைத்தாள். பொன்முடி இளைஞன் செய்ய இயலாததைத் தாயின் கை செய்தது.

மாணவர்களே! நீங்கள் வரைய வேண்டிய கதைகள் உங்கள் தெருவிலேயே நடக்கின்றன. சாயப்பட்டறைகளின் கழிவினால் நொய்யல் கெட்டதும், 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் உங்கள் வீட்டுப் பெரியோர் அறிந்த செய்திகளே. அவர்களைக் கேளுங்கள். உங்கள் ஊரின் கைகளையும் முகங்களையும் உற்று நோக்குங்கள். அயல்நாட்டார் கலையிலிருந்து முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்; பொருளை உங்கள் வாழ்விலிருந்து எடுங்கள். நான்கு கட்டங்களும் ஒரு கரிக்கோலும் உங்களிடம் உள்ளன. கண்ணைத் திறந்து காண்பதே இக்கலையின் முதற் பாடமாகும்.