ஓடையோடு போகும் உரம்... பிடித்து நிறுத்துவது வேர்தான்!

கல்வராயன் மலையில் மழை வலுத்தால், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஓடைகள் எல்லாம் உயிர் பெற்றுவிடும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி கோமுகி அணையில் சேர்ந்து, கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் அதில் நைட்ரேட் கரைந்திருக்கலாம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

குடிதண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் நைட்ரேட் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. குறிப்பாக, ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து, உடல் நீலம் பாய்ந்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

எங்கிருந்து வருகிறது?

யூரியா, தொழுவுரம், இலைச்சருகு என எதைப் போட்டாலும், அதிலுள்ள தழைச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கடைசியில் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண்துகள்கள் அதைப் பிடித்து வைப்பதில்லை. வேர் உறிஞ்சாவிட்டால், அடுத்த மழையில் தண்ணீரோடு இறங்கிவிடும்.

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து உண்டு. அதில் கால்பங்கு வீணாகி ஓடையில் கலந்தால், ஏறக்குறைய 5 லட்சம் லிட்டர் சுத்தமான தண்ணீரை 45 மில்லிகிராம் வரம்புக்குக் கொண்டுவந்து விடும். உங்கள் காசும் அதோடு போகிறது.

உரம் மட்டும் காரணமல்ல. அமெரிக்காவின் ஹப்பர்டு புரூக் காட்டில் 1965-ல் ஒரு ஓடையின் நீர்ப்பிடிப்பில் இருந்த மரங்களை எல்லாம் வெட்டி, மறுபடி எதுவும் துளிர்க்காமல் தடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிடி உரம்கூடப் போடவில்லை. ஆனாலும் ஓடையில் நைட்ரேட் பல மடங்கு ஏறி, குடிநீர் வரம்பையே தாண்டியது. உறிஞ்ச வேர் இல்லாததுதான் காரணம்.

நாம் என்ன செய்யலாம்?

* மழை மேகம் திரண்டிருக்கும்போது யூரியா போடாதீர்கள். ஒரே தடவையில் கொட்டாமல், பயிர் வளரும் பருவம் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். வேப்பெண்ணெய் பூசிய யூரியா மெதுவாகத்தான் நைட்ரேட்டாக மாறும்.

* மரவள்ளி நட்ட முதல் மூன்று மாதம் நிலம் திறந்தே கிடக்கும். உளுந்து, தட்டைப்பயறு, நிலக்கடலை என ஏதாவது ஊடுபயிர் போட்டு மண்ணை மூடுங்கள். சரிவுக்குக் குறுக்கே நடுங்கள்.

* ஓடைக்கரையில் உள்ள மரம், புதர், புல்லை வெட்டாதீர்கள். வேர்கள் நைட்ரேட்டை உறிஞ்சும். காற்றுப் புகாத ஈரச்சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள், மக்கிய இலையைத் தின்று, நைட்ரேட்டைக் காற்றிலுள்ள நைட்ரஜன் வாயுவாகவே மாற்றிவிடும்.

* எருக்குழி, மாட்டுக்கொட்டகை, கழிப்பறைக் குழி எதுவும் ஊற்றுக்கு மேட்டில் இருக்க வேண்டாம்.

கோடைக்குப் பிறகு வரும் முதல் பெருமழைதான், மண்ணில் சேர்ந்து கிடந்த நைட்ரேட்டை அடித்துக்கொண்டு வரும். அந்தச் சமயத்தில் ஓடை, ஊற்று, கிணற்றுத் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.