குண்டு விழுந்த மறுநாள்

படம் தொடங்கிய கையோடு கதாநாயகன் சுடப்பட்டுச் செத்துவிடுகிறான். செத்தவர் சாதாரண நடிகரும் இல்லை, சிவாஜி கணேசன். 1954 ஏப்ரலில், புத்தாண்டையொட்டிக் கொட்டகைக்குப் போன கூட்டத்தின் காதில் ‘பராசக்தி’ வசனம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கூட்டத்தின் முன்னால் ஏவி.எம். நிறுவனமும் இயக்குநர் எஸ். பாலசந்தரும் முதலில் வைத்தது ஒரு பிணத்தை. போனால் போகிறது என்று பாட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று அதன் பேர் நிலைத்தது பிற்பாடு. வந்த புதிதில் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

கதை நடக்கும் இடம் சென்னை. 1943 அக்டோபர் 11ஆம் தேதி இரவு ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைத் துறைமுகத்தை ஒட்டிக் குண்டு போட்டது. இது நிஜமாகவே நடந்தது. படம் தொடங்குவது அதற்கு மறுநாள். ராஜன் என்ற ரேடியோ என்ஜினியர் தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் வந்து விசாரிக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் ஜாவர் சீதாராமன், படத்தை எழுதியவரும் அவரே. மனைவி உஷா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜன் ரகசியமாகப் பழகிய அம்புஜம், பக்கத்து வீட்டுச் சின்னையா என்று சந்தேகத்துக்கு ஆள் பஞ்சமில்லை. கேட்கப்போனால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தின் சாயல் இது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ‘ராஷோமோன்’ ஒரே சம்பவத்தைப் பல வாயால் பல விதமாகச் சொல்லும் படம். ‘அந்த நாள்’ படத்தில் ஒவ்வொருவரும் சொல்வது வேறு வேறு சம்பவம். சொத்துத் தகராறு, பொறாமை, கள்ள உறவு என்று அவரவருக்குத் தெரிந்த ராஜன் ஒருத்தன் வருகிறான். எல்லாக் கதையும் முடியும்போது கொலைகாரனைவிடக் கொல்லப்பட்டவனைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. இந்த வகையில் 1950இல் ஆந்தனி ஆஸ்க்வித் எடுத்த ‘தி வுமன் இன் கொஸ்டின்’ என்ற பிரிட்டிஷ் படத்துக்குத்தான் இது நெருங்கிய சொந்தம்.

எழுபது வருடம் தாண்டிய படத்தின் முடிவைச் சொல்லிவிடுவதில் பாவமில்லை. ராஜன் ஜப்பானியருக்கு ரகசியம் விற்ற உளவாளி. குண்டு வெடித்தது உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியில். பண்டரிபாய் நடித்த அந்த உஷா, கல்லூரிக் காலம் தொட்டே நாடு நாடு என்று பேசியவள். ராஜனோ தன் மூளைக்கு இந்த ஊரில் மதிப்பில்லை என்று கசந்துபோனவன். புருஷனா தேசமா என்ற இழுபறி ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முன்கூடத்தில் நடக்கிறது. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் அந்த முன்கூடத்தையும் மாடிப்படியையும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் வைத்தே படமெடுத்திருக்கிறார். சிவாஜி குரலை உயர்த்தாமல், பாதிச் சிரிப்போடு பேசுகிறார். அவருடைய அடங்கிய நடிப்பைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தேடவேண்டிய படம் இது.

மலையகத்து வாசகருக்கு இந்தக் கதையின் பயம் அந்நியமானதல்ல. சென்னைக்கு ஒரு விமானம் வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு காலையில், நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்துக்குள்ளேயே ‘ஹெக்டர்’, ‘டெனடோஸ்’ என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. நான்கு நாள் கழித்து திருகோணமலை. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் உட்படப் பலர் கொழும்பை விட்டு ஓடினார்கள். அதே மாதம் சென்னையிலும் பீதி. ஊர் பாதி காலியானது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று பயந்து மிருகக்காட்சிசாலையின் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

வட்டகொடையிலிருந்து பார்த்தால் துறைமுகம் எங்கோ இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஸ்டேஷனைக் கடந்து போகும் தண்டவாளம் போய்ச் சேர்வது கொழும்பில். கொழுந்து தூளாகிப் பெட்டியில் ஏறியதும் அதன் அடுத்த இடம் துறைமுகம்தான். பிரிட்டனில் 1940 ஜூலையிலேயே தேயிலைக்கு ரேஷன் வந்துவிட்டது, ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். கப்பல் போகாவிட்டால் அதுவும் கிடையாது. இங்கே வரவேண்டிய பர்மா அரிசியும் 1942இல் ரங்கூன் வீழ்ந்ததோடு நின்றது. லயத்துக் காம்பராவுக்குள் யுத்தம் வந்தது குண்டாக அல்ல, கூப்பனாகவும் கோதுமை மாவாகவும்.

ராஜன் ரேடியோ என்ஜினியர் என்பதிலும் ஒரு சுவாரசியம் உண்டு. யுத்த காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காகப் பிரிட்டிஷார் ஏக்கலையில் பெரிய சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள். யுத்தம் முடிந்து 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிப்பாய்களுக்காகக் கட்டிய அந்த ஏற்பாட்டின் புண்ணியத்தில்தான் அடுத்த வருடம் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை கடல் கடந்து கேட்டது. தமிழ்ப் படங்கள் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அவற்றின் பாட்டு ரேடியோவில் வந்துவிடும். பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் படத்துக்குப் போவது. பாட்டில்லாத ‘அந்த நாள்’ படத்தை அந்த ரேடியோவால் என்ன செய்திருக்க முடியும்? ரேடியோக்காரன் கதைக்கு ரேடியோவில் இடமில்லாமல் போனது.

இதே காலத்தில் யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியிலும் துப்பறியும் கதை என்ற போர்வையில் ‘அந்த நாள்’ எழுப்பும் கேள்வியே கேட்கப்பட்டது. நமக்குள் இருந்த குற்றவாளி யார்? 1946இல் வோல்ஃப்காங் ஸ்டௌட்டே இடிந்த பெர்லினில் எடுத்த ‘கொலைகாரர்கள் நம்மிடையே’ படத்தில், போலந்தில் அப்பாவிகளைக் கொல்ல உத்தரவிட்ட கேப்டன் ஒருவன் இப்போது ஆலை முதலாளி. சிப்பாய்களின் இரும்புத் தொப்பியைச் சட்டியாக மாற்றி விற்கிறான். இதற்கு மேல் ஒரு வசனம் தேவையா?

துறைமுக நகரமான ஹம்பர்க், அதன் மதுக்கடைகளோடு சேர்ந்து, ஜெர்மன் சினிமாவுக்குப் பழகிய களம். ஹெல்முட் காய்ட்னரின் ‘க்ரோஸே ஃப்ரைஹைட் எண் 7’ அங்குள்ள மாலுமிகளின் கேளிக்கைக் கடையில் நடக்கும் கதை. ஜெர்மன் மாலுமி குடித்துப் பாடித் திரிவதா என்று நாஜி அரசு அதை உள்நாட்டில் தடுத்துவிட்டதால், 1944இல் பிராக் நகரத்தில்தான் முதலில் திரையிட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு அதே ஹம்பர்க்கை வைத்து நடிகர் பீட்டர் லோரே ஒரு படம் இயக்கினார். 1951இல் வந்தது, தலைப்பின் பொருள் ‘தொலைந்தவன்’. அகதி முகாம் ஒன்றின் உணவு விடுதியில் இரண்டு பேர் ராத்திரி முழுக்கக் குடித்துக்கொண்டு பழைய கணக்கைப் பேசுகிறார்கள். ஒருவர் ரோத்தே என்ற விஞ்ஞானி. ஹம்பர்க்கில், அதே 1943இல், தன் ஆராய்ச்சி ரகசியத்தை எதிரிக்குக் கொடுத்தாள் என்று தெரிந்து நிச்சயித்த பெண்ணையே கழுத்தை நெரித்துக் கொன்றவர். நாஜி அதிகாரிகள் அந்தக் கொலையை மூடி மறைத்துவிட்டார்கள். தண்டனை இல்லாமல் போனதுதான் ரோத்தேயைக் கெடுக்கிறது. அவர் மேலும் கொல்கிறார்.

‘அந்த நாள்’ படத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்புதான். இரண்டிலும் துறைமுக நகரம், இரண்டிலும் 1943, இரண்டிலும் ரகசியத்தை விற்றவரைக் கொல்வது வீட்டு மனிதர். ஆனால் இங்கே கொன்றவள் நாட்டுக்காக நின்றவள் ஆகிறாள். அங்கே கொன்றவர் நாசமாகிறார். லோரே எந்த நாட்டுக்காகக் கொன்றோம் என்று கேட்டார். பாலசந்தரின் படம் அதைக் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம் என்பதற்கு ஒரு தேதி போதும். சென்னையில் குண்டு விழுந்து சரியாகப் பத்தாம் நாள், 1943 அக்டோபர் 21ஆம் தேதி, சிங்கப்பூரில் சுபாஸ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். ஜப்பானியரின் துணையோடுதான் அறிவித்தார். அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். அவர்களும் இங்குள்ள தோட்டத் தொழிலாளரைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள். அந்தத் தோட்டத்துப் பெண்களும் போஸின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். அவர்களைத் துரோகி என்று 1954இல் எந்தத் தமிழ்ப் படமும் சொல்லியிருக்காது. ராஜன் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் அரசாங்கமோ வெள்ளைக்காரனுடையது. இந்தச் சிக்கலைப் படம் நைசாகச் சுற்றிப் போகிறது. ராஜனைக் கர்வம் பிடித்தவனாக, பெண் விஷயத்தில் நம்ப முடியாதவனாகக் காட்டிவிட்டால் அரசியல் பேசவேண்டிய அவசியம் குறைந்துவிடுகிறது அல்லவா? திரைக்கதையின் கெட்டிக்காரத்தனமும் அதுதான், கோழைத்தனமும் அதுதான்.

இரண்டு படங்களையும் வந்த நேரத்தில் ஜனங்கள் கொண்டாடவில்லை. லோரே அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் இயக்கவில்லை, அமெரிக்காவுக்குத் திரும்பிச் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார். பாலசந்தருக்கு அவ்வளவு மோசமில்லை. இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழ் வாங்கியது. அவர் ‘பொம்மை’, ‘நடு இரவில்’ என்று இன்னும் சில மர்மப் படங்களை எடுத்தார். 1990இல் இறக்கும்போது உலகம் அவரை அறிந்திருந்தது வீணை வித்துவானாக. ஒரு பாட்டும் வேண்டாம் என்று படமெடுத்தவர் அவரேதான்.