ஐம்பது பேருக்கு ஒரு நடுவர்

1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரைச் சிற்றூரிலிருந்து, மரப்பலகை நிறத் தாள் ஒட்டிய ஒரு சின்ன அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் அச்சானது 1,000 பெட்டி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாயால் சொல்லியும் பகடை உருட்டியும் நடத்துகிற விளையாட்டு. ஒருவர் மட்டும் தனக்கென்று ஒரு பாத்திரத்தை வைத்துக்கொள்வதில்லை. காடு, மழை, கள்வன், கடைக்காரன், பூதம் எல்லாம் அவர்தான். அந்தப் புத்தகங்களில் அவருக்கு நடுவர் என்று பெயர். டன்ஜன் மாஸ்டர் என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு கணக்கு வருகிறது. ஒரு தொடர் ஆட்டத்தில் நான்கு பேர் முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம். இருபது பேருக்கு ஒரு நடுவர் என்ற விகிதம் இருந்தால் நல்லது. இன்று ஆடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் அச்சுப்பிழை என்பார்கள். இப்போது ஒரு மேசைக்கு நான்கு அல்லது ஐந்து பேர். ஆறாவது ஆள் வந்தால் நாற்காலியும் போதாது, நேரமும் போதாது.

அந்த ஐம்பது பேரும் ஒரே இரவில் ஒரே அறையில் கூடியவர்கள் இல்லை. தொடர் ஆட்டத்துக்குக் கேம்பெய்ன் என்ற பெயரே போர் விளையாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. பல மோதல்கள் சேர்ந்த நீண்ட படையெடுப்பு என்று பொருள். மனமகிழ் மன்றத்துக்குப் போவதைப் போல ஆட்கள் வந்து போனார்கள். செவ்வாய்க்கிழமை மூவர், சனிக்கிழமை எழுவர், நடுவில் தனியாக ஒருவர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஓர் இடம். ஆகவே நடுவர் திட்டமிட்டதும் இடத்தைத்தான். ஆட்டம் தொடங்குமுன் நிலவறையின் ஆறு தளங்களுக்காவது வரைபடம் இருக்க வேண்டும் என்கிறது அந்தப் புத்தகம். கிராஃப் தாள், பென்சில், ரப்பர். அறைக்கு அறை எண். இன்னொரு தாளில் எண்ணுக்கு நேரே அங்கே குடியிருப்பது எது, ஒளிந்திருப்பது எது என்ற குறிப்பு. தரைக்கு மேலே ஊர் சுற்ற விரும்புகிறவர்களுக்கு, அவலான் ஹில் நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற வேறொரு விளையாட்டின் பலகையை வாங்கி விரித்துக்கொள்ளச் சொல்கிறது. காட்டில் சிக்கியவர் உயிர் பிழைப்பதைப் பற்றிய பலகை அது. அதிலிருக்கும் நீர்நிலைகளைக் கோட்டைகள் என்றும் கட்டிடங்களை ஊர்கள் என்றும் வைத்துக்கொள்ளலாமாம். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கதை எங்கே போய் முடியும் என்பது இதில் எங்கும் இல்லை. அது ஆட்டம் கலைந்த பிறகு, வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் உருவானது.

ஆனால் இடம் சும்மா இருக்கவில்லை. ஆர்னெசன் 1970களின் தொடக்கத்திலேயே மின்னசோட்டாவின் இரட்டை நகரங்களில் ‘பிளாக்மூர்’ என்ற தொடர் ஆட்டத்தை நடத்திவந்தார். ஒரு சிற்றூர், ஒரு கோட்டை, கோட்டைக்கு அடியில் சுரங்கங்கள். பகைவர் பக்கத்துக்கும் ஆடுகிறவர்கள் இருந்தார்கள். நாயகர்களுக்கோ சுரங்கத்தில் இறங்கிப் புதையல் தேடுவதில்தான் ருசி, ஊர்க்காவலை மறந்தார்கள். அவர்கள் கீழே இருந்த சமயத்தில் மேலே ஊர் விழுந்தது. காக்கத் தவறியவர்கள் நாடு கடத்தப்பட்டுத் தொலைவில் ஓர் ஏரிக்கரையில் போய் வாழ நேர்ந்தது. இது யாரும் எழுதிவைத்த திருப்பம் இல்லை. ஒரு பக்கத்தார் வராத இடத்துக்கு மறுபக்கத்தார் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

1979-ல் வந்த நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் ஓரிடத்தில் கிட்டத்தட்டக் கத்துகிறார். அந்த வரி முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். காலக்கணக்கைக் கறாராக வைத்துக்கொள்ளாதவர் நடத்துவது அர்த்தமுள்ள தொடராக இருக்க முடியாது என்பது அதன் சாரம். ஆட்டம் நடக்காத நாட்களில் நம் நாள் ஒன்றுக்கு ஆட்ட உலகத்திலும் நாள் ஒன்று கழியும். செவ்வாய்க் குழு சுரங்கத்தின் மூன்றாம் தளத்தில் ஒரு கதவை உடைத்தது என்று வையுங்கள். சனிக்கிழமை வருகிற குழுவுக்கு அந்தக் கதவு நான்கு நாளாக உடைந்து கிடக்கும் கதவு. உள்ளே இருந்தது எதுவோ அது வெளியே வந்திருக்கும். காயம்பட்டவர் படுத்திருக்கும் மூன்று வாரத்தில் அவருடைய பங்குப் புதையலை வேறு யாராவது அள்ளிப்போயிருப்பார்கள். இதையெல்லாம் நடுவர் ஒரு கணக்கப்பிள்ளையைப் போல நாள்வாரியாகக் குறித்துவைக்க வேண்டும். அலுப்பான வேலை. பலர் செய்திருக்க மாட்டார்கள் என்பது கைகாக்ஸ் கத்துவதிலிருந்தே தெரிகிறது.

1984-ல் நடுவரின் மேசைக்குக் கதை வந்து சேர்ந்தது. ‘டிராகன்லான்ஸ்’ என்ற வரிசையில் முதல் சாகசப் புத்தகம் அந்த ஆண்டு வெளிவந்தது. பதினான்கு புத்தகங்கள் வரை நீண்ட வரிசை அது. டிரேசி ஹிக்மனும் மார்கரெட் வைஸும் அதே கதையை நாவலாகவும் எழுதினார்கள். ஆடுகிறவர்களுக்குப் பாத்திரங்கள் பெயரோடும் பழைய காதலோடும் தயாராகக் கொடுக்கப்பட்டன. அதில் ஒரு விதி நினைவில் நிற்கிறது. பின்னால் கதைக்குத் தேவைப்படுகிறவர் நடுவில் சாக நேர்ந்தால், உடல் கண்ணில் படாதபடி சாகட்டும். பிறகு எப்படியோ பிழைத்து வரலாம். பத்து ஆண்டுக்கு முன் நிலவறையில் தவறான கல்லை மிதித்தவன் செத்தான். புதிதாகப் பகடை உருட்டி அடுத்தவனை உண்டாக்கினார்கள். இப்போது பள்ளத்தாக்கில் விழுந்தவனுக்காகக் கதை காத்திருந்தது.

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர்களுக்கு இந்தச் சங்கடம் பாதி புரியும். அடுத்த வாரம் ஆள் தேவை; இந்த வாரம் கொல்ல முடியாது. மீதிப் பாதி அவர்களுக்கு நேராதது. வந்தியத்தேவனே கல்கியிடம் வந்து, “எனக்கு ஈழத்துக்குப் போக விருப்பமில்லை, இங்கேயே ஒரு குதிரை லாயம் வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடக்கூடிய தொடர் இது. அப்படிச் சொல்கிறவரை மறுபடி ஓலையும் கையுமாகப் பாதைக்குத் தள்ளுவதுதான் 1980களுக்குப் பிறகு நடுவரின் தலையாய வேலையாயிற்று. தண்டவாளத்தில் ஓட்டுகிறான் என்ற வசவும் நிலைத்தது.

இடம், கதை இரண்டுக்கும் நடுவில் ஒருவர் அழகாக வழி கண்டார். கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’ 1985-ல் வந்தது. ஆர்தர் மன்னன் காலத்து வீரர்களாக ஆடுவது. 2006-ல் வெளியான அதன் பெருந்தொடர் 485-ஆம் ஆண்டில் தொடங்கி 566-ல் முடிகிறது. ஏறக்குறைய ஒரு ஆட்ட நாளுக்கு ஒரு ஆண்டு கழியும். ஆண்டு முடிவில் குளிர்காலக் கணக்கு. விளைச்சல் என்ன, குழந்தை பிறந்ததா, பிறந்தது பிழைத்ததா. தாத்தாவாக ஆடத் தொடங்கியவர் பேரனாக ஆடி முடிப்பார். ஆர்தர் எழுவதும் வீழ்வதும் முன்பே தெரிந்த கதை; உங்கள் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தெரியாது.

இன்றைய நடுவர் முதலில் வரைவது வரைபடத்தை இல்லை. ஆட்டத்துக்கு முன்பே எல்லோரும் ஒருநாள் கூடுகிறார்கள். அதற்குப் பூஜ்ய அமர்வு என்று பெயர். எந்த மாதிரிக் கதை வேண்டும், எது வேண்டவே வேண்டாம், யாருக்கு எந்தக் காட்சி தாங்காது என்று பேசி முடிவு செய்கிறார்கள். பிறகு ஒவ்வொருவர் பாத்திரத்தின் பின்கதையையும் வாங்கி, தொலைந்த தங்கை, பழிவாங்க வேண்டிய பிரபு என்று அதையே தொடரின் தூண்களாக நடுகிறார்கள். வரைபடத்துக்குத் திரை, ரோல்20 போன்ற தளங்கள் 2012 முதல் இருக்கின்றன. மூவர் மூன்று நாட்டில் உட்கார்ந்தும் ஆடலாம். லேக் ஜெனீவாவில் அடுத்த தெருக்காரர்தான் ஆட முடிந்தது.

திட்டமிடும் நேரமும் சுருங்கிவிட்டது. மைக் ஷே 2018-ல் எழுதிய சோம்பேறி நடுவருக்கான புத்தகம் இன்று பலருக்குப் பாடப்புத்தகம். எட்டே படிகள். அதில் நான்காவது, ஆட்டத்துக்கு முன் பத்து ரகசியங்களை ஒவ்வொரு வரியில் எழுதிவைப்பது. பாலத்துக் காவலன் விலைபோனவன். கிணற்றுத் தண்ணீர் கசப்பது போன அமாவாசையிலிருந்து. முக்கியம், அவற்றை எந்த அறையோடும் ஆளோடும் கட்டிவைக்கக் கூடாது. ஆடுகிறவர்கள் எங்கே போய் யாரைக் கேட்கிறார்களோ, ரகசியம் அங்கே அவர் வாயில் இருக்கும். 1974-ல் பொக்கிஷம் பதினேழாம் அறையில் இருந்தால் பதினேழாம் அறையில்தான் இருந்தது. யாரும் போகாவிட்டால் அங்கேயே கிடந்தது.

இந்த மாற்றத்தில் கிடைத்தது சின்னதில்லை. ஒரு மாலையில் முக்கால் மணி நேரம் வெற்றுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது இன்று அரிது. பேசத் தயங்குகிறவருக்கும் அவருக்கென்று ஒரு காட்சி உண்டு. தொடர்கள் முடியவும் செய்கின்றன. குரல் நடிகர்கள் சிலர் 2015 முதல் இணையத்தில் நேரலையாக ஆடிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ 115 பகுதிகளில் முதல் தொடரை முடித்தது, இரண்டாவதை 141-ல். ஒவ்வொன்றும் பல மணி நேரம். அடுத்தவர் ஆடுவதை இத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று அந்த 1,000 பெட்டிக் காலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பழைய காலக்கணக்கும் முழுக்கச் சாகவில்லை. 2010-ல் வின்சென்ட் பேக்கரின் ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ கதையை முன்கூட்டி எழுதாதே என்று நடுவரை அதட்டிவிட்டு, கடிகார முகம் போல ஒரு வட்டம் வரையச் சொன்னது. ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு கூறாகக் கறுப்பாக்க வேண்டும். கைகாக்ஸின் நாட்குறிப்பு ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கியது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் அந்த வட்டம் ஆடுகிறவர்கள் மேசைக்கு வந்தால்தான் நகரும். பிளாக்மூரில் ஊர் விழ, காக்க வேண்டியவர்கள் அங்கே இல்லாததே போதுமாக இருந்தது.

ஒரே உலகத்தை விடாமல் நடத்தியவரும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் 1982-ல் தொடங்கிய ஆட்டம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் நடந்தது. வீட்டு அடித்தளம் நிறைய அவர் கையால் வண்ணம் தீட்டிய ஆயிரக்கணக்கான பொம்மைகள். ஆட்கள் மாறினார்கள், உலகம் ஒன்றே.

என் ஆட்டத்தில் நாங்கள் நால்வர். கடைசியாக ஒரு சத்திர வாசலில் நிறுத்தியிருந்தோம். சத்திரக்காரர் கையில் விளக்கோடு கதவைத் திறந்த இடம். அதன் பிறகு ஒருவருக்கு ஜுரம், ஒருவருக்கு ஆடிட், இன்னொருவர் வீட்டில் கல்யாணம். ஐந்து வாரம் கழித்துக் கூடியபோது, “எங்கே விட்டோம்?” என்றார்கள். சொன்னேன். அவர் அதே வாசலில் அதே விளக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் உறுத்தவில்லை, ஆட்டம் நன்றாகவே போயிற்று. இரவு குறிப்பேட்டை மூடுமுன் ஓரத்தில் சின்னதாக எழுதிவைத்தேன்: முப்பத்தைந்து நாள். எண்ணெய் எப்போதோ தீர்ந்திருக்கும்.