குடும்பமும் சட்டமும் (14): பங்குனிக்கு முன், பங்குனிக்குப் பின்

ஒரு தகப்பனாருக்கு இரண்டு பெண்கள், ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பாட்டன் காலத்திலிருந்து வருகிற நஞ்சை கொஞ்சம், ஓர் ஓட்டு வீடு, கொல்லையில் நாலு தென்னை. மூத்த பெண்ணுக்கு 1989-ஆம் வருஷம் தை மாதத்தில் கல்யாணம். இளையவளுக்கு அதே வருஷம் வைகாசியில். இருவருக்கும் போட்ட நகை ஒரே எடை. அழைத்த ஜனங்களும் அநேகமாக ஒரே ஜனங்கள். பந்தல் போட்டவரும் சமையற்காரரும்கூட அதே ஆட்கள்தாம். ஆயினும் அந்த நஞ்சையிலும் ஓட்டு வீட்டிலும் இளையவள் தன் சகோதரனுக்குச் சமமான பாத்தியஸ்தி ஆனாள், மூத்தவள் ஆகவில்லை. இரண்டு முகூர்த்தங்களுக்கும் நடுவே வந்துபோன பங்குனி மாதத்தில், 1989 மார்ச் 25-ஆம் தேதியிலிருந்து அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். (சட்டசபை சரித்திரத்தில் அந்தத் தேதி வேறோர் அமளிக்காகவே அதிகம் பேசப்படுகிறது. குடும்பங்களின் சரித்திரத்தில் அதற்குரிய இடத்தை அவ்வளவு பேர் அறியமாட்டார்கள்.)

விதவைகளுக்குப் பாத்தியம் தந்த 1937-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சென்ற இதழில் பார்த்தபோது, அதில் பெண்மக்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனித்தோம். இல்லாமற்போனதன் மூலத்தைத் தேடினால், கல்யாணியை ஆண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாக்ஷரம் என்ற வியாக்கியானத்தில் போய் நிற்போம். பிதுரார்ஜித சொத்தில் ஒருவனுக்குப் பாத்தியம் உண்டாவது அவன் தகப்பன் இறக்கும்போது அன்று, அவன் ஜனிக்கும்போதே என்பதுதான் அந்த நூலின் பிரதான சித்தாந்தம். வங்காளத்தார் பின்பற்றிய தாயபாகத்தில் தகப்பன் கண்மூடிய பிறகே மகனுக்கு உரிமை; நம் பக்கத்திலோ தொட்டிலில் கிடக்கும் ஆண் சிசுவும் தகப்பனோடு சமமாக அமர்ந்த கூட்டாளி. பெண் சிசுவுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. அவளுக்கு ஜீவனமும் கல்யாணச் செலவும் குடும்பச் சொத்திலிருந்து கொடுக்கவேண்டும் என்பதோடு சரி. கல்யாணச் செலவு என்ற இந்த இரண்டு வார்த்தைகளை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையின் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பங்காளி. சொற்பொருள் பார்த்தால் பங்கை உடையவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் வழக்கத்தில் அது ஆண்வழிச் சுற்றத்தாருக்கு மட்டுமே உரியதாகி, பெண் கொடுத்து எடுப்பவர்களாகிய மாமன் மச்சான் என்ற மற்றொரு வகுப்பாருக்கு எதிர்ப்பதமாக நிற்கிறது. தாலி ஏறிய மறுகணமே ஒரு பெண் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடுகிறாள் என்று நம்முடைய உறவுமுறையே கருதுகிறது. ஆகையால் பெண்ணைப் பங்காளியாக்குவது என்பது சட்டப் புஸ்தகத்தில் ஒரு வரியைத் திருத்துகிற காரியமாக மட்டும் இருந்ததில்லை. பாஷையையே திருத்துகிற காரியமாக இருந்தது.

சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றம் இந்தக் காரியத்தில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா தடைபட்டதன் பேரில் அம்பேத்கர் 1951-இல் மந்திரி பதவியை விட்டதும், பிறகு அது துண்டு துண்டாக நிறைவேறியதும் தெரிந்த கதை. அவற்றுள் ஒன்றாகிய 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசு என்று ஒப்புக்கொண்டது, மிதாக்ஷரக் கூட்டுக் குடும்பத்தை மட்டும் கலைக்காமல் விட்டது. இதன் பலன் என்ன என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 9 ஏக்கர் பிதுரார்ஜித நிலம். மனைவியை இழந்த தகப்பன், இரண்டு பிள்ளைகள், ஒரு பெண். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், இறப்பதற்கு முந்தின கணத்தில் பாகப்பிரிவினை நடந்ததாகப் பாவிக்கவேண்டும் என்றது சட்டம். அந்தப் பாவனைப் பிரிவினையில் ஆண்கள் மூவருக்கும் தலைக்கு 3 ஏக்கர். பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. பிறகு தகப்பனுடைய 3 ஏக்கர் மட்டும் மூன்று குழந்தைகளுக்கும் சமமாகப் பிரியும். ஆக, பிள்ளைகளுக்கு 4 ஏக்கர் வீதம் 8 ஏக்கர், பெண்ணுக்கு 1 ஏக்கர். சமத்துவம் என்ற பெயரில் அரசாங்கம் கொடுத்தது இந்த ஒன்பதில் ஒன்று.

வீட்டின் விஷயம் இன்னும் விசேஷம். குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் பெண்ணுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில் அவள் பிரித்துக் கேட்கக் கூடாது என்றது அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அந்த வீட்டில் வசிக்கும் உரிமையாவது உண்டா என்றால், கல்யாணம் ஆகாதவள், கணவனால் கைவிடப்பட்டவள், அவனை விட்டுப் பிரிந்தவள், விதவை ஆகியோருக்கு மட்டும் உண்டு. நல்லபடியாக வாழ்கிற பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால் அவள் விருந்தாளி. கெட்டு வந்தால்தான் உரிமைக்காரி. இதை எழுதியவர்கள் கருணையோடுதான் எழுதியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கருணையின் உருவத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

மாகாணங்கள் இதில் புகுந்ததற்கு வழிசெய்தது நம்முடைய அரசியல் சாஸனம். விவாகம், தத்து, உயில், வாரிசுரிமை, கூட்டுக் குடும்பம், பாகப்பிரிவினை ஆகிய யாவும் பொதுப் பட்டியலின் 5-ஆவது இனத்தில் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதால், ஒரு மாநிலச் சட்டசபை மத்திய சட்டத்தையே தன் எல்லைக்குள் திருத்தலாம். ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தால் அந்தத் திருத்தம் அங்கே செல்லும். முதலில் கேரளம் 1976 டிசம்பரிலிருந்து கூட்டுக் குடும்பம் என்ற ஏற்பாட்டையே ரத்து செய்தது. பிறப்பால் வரும் பாத்தியம் ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை என்று ஒரே வீச்சில் முடித்துக்கொண்டது. ஆந்திரம் வேறு மார்க்கத்தைக் கண்டுபிடித்தது. என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது, 1985 செப்டம்பர் 5 முதல், கூட்டுக் குடும்பத்தைக் கலைக்காமல் அதற்குள்ளேயே மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. அந்த மார்க்கத்தைப் பின்பற்றியே மு. கருணாநிதியின் அரசாங்கம் நமது சட்டத்தைக் கொண்டுவந்தது. 1990-ஆம் வருஷத்து 1-ஆம் எண் சட்டமாக அது ஏட்டில் ஏறி, முந்தின வருஷத்து மார்ச் 25 முதல் செல்லும்படி ஆயிற்று. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் 1994-இல் வந்து சேர்ந்தன. ஆனால் நம் நாட்டில் இந்தப் பேச்சு ஆந்திரத்தைப் பார்த்துத் தொடங்கியதன்று: 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். தீர்மானம் சட்டமாவதற்கு அறுபது வருஷம் பிடித்தது.

இந்தச் சட்டம் மூலச் சட்டத்துக்குள் 29-ஏ என்ற பிரிவைப் புகுத்திற்று. மகன் எப்படியோ அப்படியே மகளும் பிறப்பினாலேயே தன் சொந்த உரிமையில் பங்குடையவள் ஆவாள். மகனுக்குக் கொடுக்கும் பங்கே அவளுக்கும். அவனுக்குள்ள பொறுப்புகளும் கடன்களும் அவளுக்கும் உண்டு. மேலே சொன்ன 9 ஏக்கரை இப்போது பிரித்தால், தகப்பன் உட்பட நால்வருக்கும் நாலில் ஒன்று. தகப்பனுடைய நாலில் ஒன்று மறுபடி மூவருக்கும் சமம். ஆக, குழந்தை ஒவ்வொன்றுக்கும் 3 ஏக்கர். ஒரு சட்டத்தின் தகுதியை எடைபோட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பிரிவின் வாலில் இரண்டு விலக்குகள் இருந்தன. சட்டம் அமலாவதற்கு முன் பாகப்பிரிவினை ஆகிவிட்ட சொத்துக்கு இது பொருந்தாது என்பது ஒன்று. அது நியாயமே, பிரித்துக்கொண்டு, விற்று, கிணறு வெட்டி, கடன் வாங்கிப் பயிர் வைத்தவர்களை மறுபடி பழைய பந்திக்கு அழைக்க முடியாது. மற்றொன்று, சட்டம் அமலாவதற்கு முன் விவாகமான மகளுக்கு இது பொருந்தாது என்பது. இதற்கு என்ன நியாயம்? தீர்ந்துபோன காரியங்களைக் கிளறக் கூடாது என்பதுதான் நோக்கம் என்றால், அதை முதல் விலக்கே பூரணமாகக் காத்துவிடுகிறது. பிரிக்கப்படாமல் தகப்பன் கையிலேயே முழுசாக இருக்கிற நிலத்தில், ஏற்கெனவே கல்யாணமான மகனுக்குப் பங்கு இருக்கும்போது, ஏற்கெனவே கல்யாணமான மகளுக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? மகனுடைய கல்யாணத் தேதியைச் சட்டம் கேட்கவே இல்லை. மகளுடையதைக் கேட்டது. கேட்டதற்குக் காரணம், நகையும் பாத்திரமும் சீர்வரிசையும் போட்டு அனுப்பியதோடு அவள் கணக்குத் தீர்ந்தது என்ற அந்தப் பழைய எண்ணம், கல்யாணச் செலவே பெண்ணின் பாகம் என்ற மிதாக்ஷரக் காலத்து எண்ணம், புதிய சட்டத்தை எழுதிய கையிலும் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

பதினாறு வருஷங்கள் அந்தக் கோடு அப்படியே நின்றது. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி அமலான மத்தியத் திருத்தம், கல்யாணத் தேதியைப் பாராமல் நாடு முழுவதும் மகளைப் பங்காளியாக்கி, குடியிருப்பு வீட்டைப் பற்றிய 23-ஆம் பிரிவையும் எடுத்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்துமுடிந்த பிரிவினைகளையும் பராதீனங்களையும் மட்டும் அது தொடவில்லை. அதற்குப் பிறகும், திருத்தம் அமலான தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்ல, அவசியமில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்ந்த பெஞ்சு அதைத் திருத்தியது. தை மாதத்தில் மாலை சூடிய நம் மூத்த பெண், பிறந்த வீட்டுச் சொத்து அதுவரை பிரியாமல் இருந்திருந்தால், தலை நரைத்த பிறகு தங்கையின் வரிசைக்கு வந்து சேர்ந்தாள்.

வந்து சேர்ந்தவள் பங்கை வாங்கினாளா என்பது வேறு கேள்வி. முகூர்த்த நாட்களில் ஏதேனும் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலில் அரை மணி நேரம் நின்றால் விடை தெரியும். வேப்பமரத்தடியில் வாடகைக் கார் வந்து நிற்கும். அதிலிருந்து பட்டுப் புடவை கட்டிய இரண்டு மூன்று சகோதரிகள் இறங்குவார்கள். அண்ணன்மார் காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். பத்திரம் எழுதுபவர் விரலைக் காட்டி, "இங்கே ஒரு கையெழுத்து அம்மா, இங்கே ஒன்று" என்பார். அது விடுதலைப் பத்திரம். அவரவர் பங்கு அண்ணன் பேருக்கு விடுதலையாகிறது. பிரதிப் பிரயோஜனம் என்ற இடத்தில் சில பத்திரங்களில் ஒரு தொகை இருக்கும், சிலவற்றில் அன்பும் வாத்ஸல்யமும் மட்டும் இருக்கும். கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களை யாரும் பயமுறுத்துவதில்லை. பயமுறுத்தவேண்டிய அவசியமே இல்லை. பொங்கல் சீர் வருமா, பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடி கிடைக்குமா, நாளைக்குத் தன் காரியத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடி வருமா என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். ஒரு கால் ஏக்கருக்காக இத்தனையையும் விடுவதா என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்திடுகிற பெண்ணை அறியாதவள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அவளுடைய அண்ணனுக்கு இப்படிப்பட்ட கணக்கு ஒன்றையும் போடவேண்டி வருவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு நன்மை மட்டும் நிச்சயமாக நடந்திருக்கிறது. முன்பெல்லாம் தகப்பனும் பிள்ளைகளும் கையெழுத்திட்டால் குடும்ப நிலம் விலைபோய்விடும். பெண் மக்களுக்குச் செய்தி எட்டுவதே அடுத்த திருவிழாவுக்கு வரும்போதுதான். இப்போது வாங்குபவருடைய வக்கீலும் கடன் கொடுக்கிற பாங்கியும் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, "பெண்கள் கையெழுத்து எங்கே?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது ஸ்திரீகளிடம் கொண்ட பரிவினால் அன்று, பிற்பாடு வழக்கு வருமே என்ற பயத்தினால். பயம் எதனால் வந்தாலும் பெண்ணுக்குச் செய்தி எட்டிவிடுகிறது.

இந்த உரிமையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் பிறப்பால் யாருக்கும் பாத்தியம் இல்லை. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். பிதுரார்ஜிதத்தில் தம்முடைய பங்கையும் உயிலால் ஒரே பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். 1956-க்குப் பிறகு தகப்பனுடைய தனிச் சொத்து மகனுக்கு வாரிசாக வந்தால், அது அவன் கையில் அவனுடைய தனிச் சொத்தே என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் சொல்லியிருப்பதால், பிதுரார்ஜிதம் என்று சொல்லத்தக்க சொத்தே தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கி வருகிறது. பெண்ணுக்குக் கதவு திறந்த காலத்தில் உள்ளே இருந்த அறை சிறுத்துவிட்டது.

இதை வாசிக்கிற சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் இடாததும் உங்கள் இஷ்டம். இடுவதாயிருந்தால், முந்தின நாளே பத்திரத்தின் நகலை வீட்டுக்கு வாங்கி, சொத்து விவரப் பட்டியலைச் சர்வே எண்ணோடு ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றுக்கொண்டதாக எழுதியுள்ள தொகை உங்கள் கைக்கு உண்மையிலேயே வந்ததா என்று பாருங்கள். அடுத்த வாரம் தத்துப் பிள்ளைகளைப் பற்றி.

(தொடரும்)