வீட்டு வரியில் நடக்கும் இலக்கியத் திருவிழா

இன்னைக்கு எபிசோடுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டுச் சொத்து வரி ரசீது கையில இருந்தா எடுத்துப் பாருங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேளுங்க. ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்ல.

தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒன்றை வசூலிக்கிறார்கள். ஒரு ரூபாய் சொத்து வரிக்குப் பத்து பைசா. ஒரு வீட்டுக்குச் சொத்து வரி 2,000 ரூபாய் என்றால், 200 ரூபாய் நூலகத்துக்கு. வாடகைக்கு இருப்பவர்களும் தப்பவில்லை. ஓனர் கட்டும் வரி எப்படியும் வாடகைக்குள் வந்துவிடும். ஆக, நூலகத்துக்குள் கால் வைத்தே பத்து வருஷம் ஆனவர்கள்கூட மாதா மாதம் அதற்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தக் காசில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு ஒரு உதாரணம்தான் இன்றைய விஷயம்: பொது நூலகங்கள் நடத்தும் இலக்கியத் திருவிழா. அது எதுக்கு, அதுல யாருக்கு இடம் கிடைக்குது, அது முடிஞ்ச பிறகு என்ன மிஞ்சுது, இந்த மூணையும் பேசலாம்.

ஆற்றின் பெயரில் விழா

2022 நவம்பரில் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. பள்ளிக் கல்வித் துறையும் பொது நூலக இயக்ககமும் சேர்ந்து நடத்தின. 2023 தொடக்கத்தில் சென்னையில், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சென்னை இலக்கியத் திருவிழா. அதைத் தொடர்ந்து கோவையில் சிறுவாணி, தஞ்சாவூரில் காவிரி, மதுரையில் வைகை.

பெயர்களைக் கவனிச்சீங்களா? சென்னையைத் தவிர மற்ற நான்கும் ஆறுகள். பொருநை என்றால் தாமிரபரணி. மாவட்டத்தின் பெயரை வைத்திருந்தால் அது அரசு விழாவாக மட்டும் இருந்திருக்கும். ஆற்றின் பெயரை வைத்ததும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்களின் பேச்சு, சாப்பாடு, தொழில் எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. தமிழ் இலக்கியமும் அப்படித்தானே வளர்ந்திருக்கிறது? கரிசல் எழுத்து, கொங்கு எழுத்து, நாஞ்சில் எழுத்து, டெல்டா எழுத்து என்று வாசகர்களே பிரித்துச் சொல்கிறார்கள்.

ஒரு ஊரைச் சொல்றேன். கோவில்பட்டி பக்கத்தில் இடைசெவல். சின்ன கிராமம். அங்கிருந்து வந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இரண்டு பேருக்குமே சாகித்ய அகாதமி விருது, 1970லும் 1991லும். இதில் கி.ரா. ஒரு விவசாயி. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. அவர்தான் கரிசல்காட்டு மக்கள் பேசும் சொற்களைச் சேகரித்து ஒரு வட்டார வழக்கு அகராதியே போட்டார். எழுத்தாளர் எந்தத் தெருவில் இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்படி எங்கேயோ இருக்கும் ஒருவரை யார் தேடிப் போவார்கள்? புத்தகக் காட்சிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடை வாடகை கட்டிய பதிப்பாளருக்குப் புத்தகம் விற்க வேண்டும். ஸ்பான்சர் வைத்து நடத்தும் விழாவுக்கு வேறு கணக்கு. தெரிந்த முகங்கள் வந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் அடுத்த வருஷம் ஸ்பான்சர் வருவார். இரண்டுமே தேவைதான், நான் குறை சொல்லல. ஆனால் இந்த இரண்டு கணக்கும் இல்லாமல் ஒரு மேடையைப் போட முடிகிற இடம் நூலகம். அதற்கான காசு ஏற்கெனவே வரியாக வந்துவிட்டது.

மாட்டு வண்டியில் தொடங்கியது

இந்த வரி எப்படி வந்தது என்பதில் ஒரு கதை இருக்கிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அன்றைய பல நூலகங்களில் புத்தகத்தைப் பத்திரப்படுத்துவதுதான் முக்கிய வேலை. ரங்கநாதன் அதைத் தலைகீழாகப் பார்த்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளின் சாரத்தை என் வார்த்தையில் சொன்னால்: புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான். வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு, புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வாசகர் உண்டு. அவர்களைச் சேர்த்து வைப்பதில் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்.

அதே 1931இல் மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வாசலுக்கே நூலகம் போனது. ஆனால் நன்கொடையை மட்டும் நம்பி எத்தனை வண்டி ஓட்ட முடியும்? நிரந்தர வருமானம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் தொடர்ந்து வாதாடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கென்று ஒரு வரி என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் வருகிறது. அதற்குக் கீழே இன்று மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று ஒரு வலைப்பின்னலே இருக்கிறது.

அந்த மாட்டு வண்டி செய்த வேலையைத்தான் ஒரு நூலகத் திருவிழா செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். அலமாரியில் யாரும் எடுக்காமல் இருக்கிற புத்தகத்துக்கும், அதை எழுதியவருக்கும் வாசகரைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

ஹால் யாருக்கு?

மேடையில இருந்து கீழ இறங்கிப் பார்ப்போம். போன வருஷம் ஒரு கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்திய உள்ளூர் எழுத்தாளர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பதினாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் டீ. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா போனில் டைப் பண்ணி வைத்திருந்த கதையை எழுந்து நின்று வாசித்தார். கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவரின் கால் வலிதான் கதை. "உட்கார்ந்து வாசிங்கம்மா" என்று நூலகர் சொன்னார். "நின்னுதான் சார் வரும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம், பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து அறையில் வேறொரு காட்சி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் இருபது பேருக்கு மேல். வீட்டில் தனி மேஜை இல்லாத, கோச்சிங் சென்டருக்குக் கட்டக் காசு இல்லாத பிள்ளைகளுக்கு அந்த அறைதான் எல்லாமே. நாங்கள் கைதட்டினால் அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெண் வெளியே வந்து, "எத்தன மணிக்கு முடியும் அண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு யாரும் கைதட்டவில்லை. கதை பிடித்திருந்தால் தலையை ஆட்டினோம்.

அந்தக் கேள்வி எனக்குள்ளேயே நின்றுவிட்டது. தன் கதையைச் சத்தமாக வாசிக்க அந்த அக்காவுக்கு வேறு இடம் கிடையாது. அமைதியாகப் படிக்க அந்தப் பெண்ணுக்கும் வேறு இடம் கிடையாது. இரண்டு பேரும் ஒரே பத்து பைசாவின் பயனாளிகள். இங்கே யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்பதே தவறு. இன்னொரு அறை ஏன் இல்லை என்றுதான் கேட்க வேண்டும்.

அதற்குப் பதில் மறுபடி வரியில் வந்து நிற்கிறது. நூலக வரியை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்புகள். அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தப் பணம் நேரத்துக்கு வந்து சேராமல் பாக்கி நிற்கிறது என்பது நூலகத் துறையில் பல வருஷமாகக் கேட்கும் புகார். நாம கட்டியாச்சு, ஆனா நூலகத்துக்குப் போய்ச் சேரல. இரண்டு நாள் விழாவின் வெளிச்சத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது நாள் தெரியும்.

மூன்றாவது நாள் என்ன மிஞ்ச வேண்டும்?

விழா வெற்றியா இல்லையா என்று கணக்குப் பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கை போதாது. நான் பார்ப்பது மூன்று விஷயங்கள்.

ஒன்று, அலமாரி. உள்ளூர் எழுத்தாளர்களை மேடையேற்றிச் சால்வை போட்ட நூலகத்தில் அவர்களுடைய புத்தகம் இருக்கிறதா? இன்று பல தமிழ்ப் புத்தகங்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. அதனால்தான் நூலக ஆணைக்காக, அதாவது அரசு நூலகங்கள் மொத்தமாக வாங்குவதற்காக, பதிப்பாளர்கள் காத்திருக்கிறார்கள். சொந்தக் காசில் புத்தகம் போட்ட ஒருவருக்கு அந்த வழி தெரிந்திருக்காது. விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க விழாவில் ஒரு மேஜை போட்டால், பத்துச் சால்வைக்குச் சமம்.

இரண்டு, தொடர்ச்சி. விழாவில் பேசியவர்களும் கேட்டவர்களும் அடுத்த மாதம் சந்திக்க ஒரு தேதி இருக்கிறதா? இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பல நூலகங்களில் வாசகர் வட்டம் ஏற்கெனவே இருக்கிறது. சில இடங்களில் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான் பிரச்சினை.

மூன்று, மேடையின் வரிசை. பிரபல எழுத்தாளர் வந்தால்தான் கூட்டம் வரும் என்பது உண்மை. அப்படியானால் அவருடைய அமர்வுக்குச் சற்று முன்னால், கூட்டம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், முதல் கதை எழுதியவருக்குப் பதினைந்து நிமிடம் கொடுக்கலாமே? காலி நாற்காலிகளுக்கு முன் காலை ஒன்பது மணிக்கு வாசிக்கச் சொல்வது வாய்ப்பு ஆகாது.

நீங்க என்ன பண்ணலாம்?

இது வரைக்கும் கேட்டுட்டு, "சரி, அரசாங்கம் பாத்துக்கட்டும்"னு விட்டுடாதீங்க. நம்ம கையில இருக்கிற வேலையும் கொஞ்சம் உண்டு.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? போய் உறுப்பினர் ஆகுங்கள். கட்டணம் ஒரு காபிக் கடை பில்லைவிடக் குறைவு. உறுப்பினர் எண்ணிக்கையும் புத்தகம் எடுக்கும் எண்ணிக்கையும்தான், கூடுதல் இடம் கேட்கும் நூலகரின் கையில் இருக்கும் ஆதாரம். கொஞ்சம் கூடுதலாகச் செய்ய முடிந்தால் 1,000 ரூபாய் கட்டி நூலகப் புரவலராகவும் சேரலாம்.

எழுதுகிறவராக இருந்தால், வாசகர் வட்டம் எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். "இப்ப கூடுறதில்லீங்க" என்று பதில் வந்தால் நான்கு நண்பர்களோடு போய், "நாங்க வர்றோம், ஒரு தேதி குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான நூலகர்கள் சந்தோஷப்படுவார்கள். படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு இல்லாத நேரத்தை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். மைக் வேண்டாம். பதினாலு நாற்காலிக்கு எதுக்கு மைக்?

சொந்தமாகப் புத்தகம் போட்டிருந்தால் ஒரு பிரதியை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பியாச்சா என்று பாருங்கள். 1896இல் திறந்த நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் கடமை. நீங்களே பதிப்பாளர் என்றால் உங்கள் கடமை. விற்கிறதோ இல்லையோ, ஐம்பது வருஷம் கழித்து யாராவது தேடினால் கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு. உங்க ஏரியா நூலகத்தோட பேரும் அது இருக்கிற தெருவும் இப்ப டக்குன்னு சொல்ல முடியுதா? முடியலன்னா இந்த ஞாயித்துக்கிழமை அதைக் கண்டுபிடிங்க. உள்ளே போய், இந்த ஏரியாவில் எழுதுகிறவர்களின் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நூலகரிடம் கேளுங்கள். அவர் கை காட்டினால் ஒன்றை எடுத்து வந்து படியுங்கள். அப்படி ஒரு அலமாரியே இல்லை என்றால், அதை எப்படித் தொடங்கலாம் என்று கேளுங்கள். என்ன பதில் கிடைத்தது என்று எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடை அதிலிருந்தே ஆரம்பிப்போம்.