தருவை முதல் அருவி வரை

நுழையும்முன்

காட்டுயிர்களை ஒளிப்படம் எடுப்பதற்கென்றே வழிகாட்டியுடன் மேற்கொள்ளும் பயணங்கள் இன்று உலகெங்கும் பெருகியுள்ளன. ஈரநிலமும் அருவியும் அத்தகைய பயணங்களின் முதன்மையான இடங்கள். இவ்விரண்டையும் காணக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. தாமிரபரணியின் நீர் சென்று சேரும் வறண்ட நிலத்திலிருந்து, அந்நீர் பிறக்கும் மலை வரை செல்லும் ஒரு வழியையும், அவ்வழியில் ஒளிப்படக் கலைஞர் கைக்கொள்ள வேண்டிய முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிரேசில், பொலிவியா, பராகுவே ஆகிய மூன்று நாடுகளில் பரந்து கிடக்கிறது பாந்தனால். உலகின் மிகப்பெரிய வெப்பமண்டல ஈரநிலம் இதுவே. இங்குள்ள ஆற்றங்கரைகளில் நடமாடும் ஜாகுவாரைப் படமெடுக்க ஒளிப்படக் கலைஞர்கள் படகுகளில் செல்கின்றனர். அதற்குத் தென்கிழக்கே, பிரேசில் – அர்ஜென்டினா எல்லையில், இக்வாசு அருவித்தொகுதி உள்ளது. அங்கே விழும் நீர்த்திரைக்குப் பின்னுள்ள பாறையில் உழவாரன் இனப் பறவை ஒன்று தங்கிக் கூடு கட்டுகிறது. கொட்டும் நீரை ஊடுருவிக்கொண்டு அது வெளியே பாயும் காட்சியைப் படம்பிடிக்கப் பலர் நாள்கணக்கில் காத்திருப்பர்.

இப்பயணங்களுக்கு ஆகும் செலவு பெரிது. அவற்றில் நேரும் ஒரு குறையும் பெரிது. ஒரே ஜாகுவாரைப் பல படகுகள் சூழ்ந்துகொள்ளும்போது அவ்விலங்கு வேட்டையைக் கைவிட்டுப் புதருக்குள் மறைந்துவிடக்கூடும். படம் எடுக்கும் ஆர்வமே படத்திற்குரிய உயிரை விரட்டிவிடும் இந்த முரண் பாந்தனாலுக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்க் குளக்கரையிலும் உண்டு.

நீர் சென்று சேரும் இடம்

தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம் பகுதி தேரிகளுக்குப் பெயர்பெற்றது. காற்று குவித்த செம்மணல் மேடுகளைத் ‘தேரி’ என்றும், அவற்றை அடுத்து நீர் தேங்கும் அகன்ற, ஆழமற்ற பள்ளங்களைத் ‘தருவை’ என்றும் இவ்வட்டார மக்கள் வழங்குவர். வைரவன் தருவை, புத்தன் தருவை ஆகியன அவ்வகையின. வடகிழக்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டில் இவை மேய்ச்சல் நிலமாகவே கிடக்கும். மழை நன்கு பெய்து, தாமிரபரணியின் வெள்ளநீரும் கால்வாய் வழியே வந்து சேர்ந்தால், சில வாரங்களில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நெடுங்கால் உள்ளானும் அங்கே தோன்றிவிடும். முந்திய திங்களில் ஆடு மேய்ந்த இடத்தில் அவை நீந்துவதைக் காண்பது சற்று வியப்பாகவே இருக்கும்.

பயிற்சியைத் தொடங்குவோர்க்குத் தருவையே ஏற்ற இடம். ஆழமற்ற நீரில் பறவைகள் கரையோரமாகவே இரை தேடும். படமெடுப்பவர் நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்தால் பறவை நீரோடு ஒட்டிய ஒரு புள்ளியாகத் தெரியும். கரையில் குப்புறப் படுத்து, பறவையின் கண்மட்டத்திற்குக் கருவியைத் தாழ்த்தினால் அதன் உருவம் முழுமையாக எழுந்து நிற்கும். படுத்திருக்கும் மனிதனின் உருவம் சிறிதாகத் தெரிவதால் பறவையும் அவ்வளவாக அஞ்சுவதில்லை. காலை ஒன்பது மணிக்குமேல் தேரியின் வெப்பத்தால் கானல் எழும்பும். அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த வில்லையைப் பொருத்தினாலும் தொலைவில் உள்ளவை நெளிந்தே பதிவாகும்.

கூரைமேல் கூடு

சாத்தான்குளத்திற்கு மேற்கே, திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். ஏறத்தாழ 129 எக்டேர் பரப்புள்ள இப்பகுதி 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக அளவில் முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. குளத்திற்கு நீர் தருவது மணிமுத்தாறு அணை.

இங்கு வரும் பறவைகளுள் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குறிப்பிடத்தக்கவை. குளத்து மரங்களில் இடம் போதாதபோது இவை ஊருக்குள் வந்து, வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. எச்சம் கூரையில் விழும்; மீன் வாடை வீடு முழுதும் பரவும்; குஞ்சுகளின் இரைச்சல் இரவிலும் ஓயாது. இருப்பினும் ஊர்மக்கள் மரங்களை வெட்டுவதில்லை. பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைகள் வந்தால் ஊர் செழிக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குள் வேளாண்மை அறிவும் உண்டு. எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு நல்ல உரம். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து விடுவதும் இவ்வூரில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் பணியாகும்.

வழிகாட்டியின் தேவை இங்கேதான் விளங்கும். புதிதாக வருபவர் கூட்டினருகே செல்ல விரும்புவார்; வழிகாட்டி தடுப்பார். அதற்குத் தக்க காரணம் உண்டு. மஞ்சள் மூக்கு நாரையின் குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் தம் உடல் வெப்பத்தைத் தாமே சீராக்கிக்கொள்ள இயலாது. நண்பகல் வெயிலில் தாயோ தந்தையோ சிறகை விரித்துக் கூட்டின்மீது நிழல் செய்து நிற்கும். அலகில் நீர் கொணர்ந்து குஞ்சுகள்மேல் சொரிவதும் உண்டு. மனிதர் நெருங்கியதால் பெற்றோர் பறவை எழுந்து பறந்துவிட்டால், நிழலற்ற கூட்டில் குஞ்சுகள் வெயிலில் வாடும். காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்கே காத்திருப்பவை. படமெடுத்தவர் சிறகு விரித்துப் பறக்கும் நாரையின் அழகிய படத்துடன் ஊர் திரும்புவார். கூட்டில் நேர்ந்தது அப்படத்தில் தெரியாது.

எனவே கூடுகளைக் காவல் கோபுரத்திலிருந்தும் குளத்தின் கரையிலிருந்தும் தொலைவில்லை கொண்டு எடுப்பதே முறை. பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தி நோக்கினால் அது முதல் எச்சரிக்கை. கழுத்தை நீட்டி, உடலைத் தாழ்த்தினால் அடுத்த நொடி பறக்கப்போகிறது என்று பொருள். முதல் எச்சரிக்கையிலேயே பின்வாங்கத் தெரிந்தவரே நல்ல வழிகாட்டி.

தெரிந்து தெளிவோம்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, ‘வேட்டையாடுதல்’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அடங்கும். சரணாலயத்திற்குள் நுழைய அனுமதி வழங்கத்தக்க நோக்கங்களுள் ஒன்றாக ஒளிப்படம் எடுத்தலையும் அதே சட்டம் குறிப்பிடுகிறது.

வெண்மையைப் படமெடுத்தல்

நாரை, கொக்கு, கரண்டிவாயன் எனக் குளத்துப் பறவைகள் பலவும் வெண்ணிறம் கொண்டவை. வெண்ணிறமே ஒளிப்படக் கருவியை ஏமாற்றும். கருவி தான் காணும் காட்சி முழுவதையும் ஒரு நடுத்தர ஒளியளவுக்குக் கொண்டுவர முயலும். பின்னணியில் கருவேல மரத்தின் இருள் மிகுந்திருந்தால், அவ்விருளை வெளுப்பாக்க முனைந்து வெள்ளைப் பறவையின் இறகுகளை வெறும் சுண்ணாம்புத் திட்டாக்கிவிடும். அப்போது ஒளியளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். பின்னணி வெளிர்வானமாக இருந்தால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பறக்கும் பறவையின் சிறகு கலங்காமல் பதிய, ஒளி புகும் நேரம் நொடியில் ஈராயிரத்தில் ஒரு பங்காவது இருத்தல் நன்று.

நுட்பத்தைக் காட்டிலும் முதன்மையானது, பறவையை அதன் சூழலோடு காண்பது. நாரையின் சிவந்த கூர் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டார் சத்திமுத்தப் புலவர். பனைக்கும் நாரைக்கும் அருகில் வாழ்ந்து, இரண்டையும் உற்றுநோக்கியவருக்கே அவ்வுவமை வாய்க்கும். தேரி நாட்டு மாணவர்க்கு அதன் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய உற்றுநோக்கலை ஒளிப்படக் கலையில் கைக்கொண்டவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த இவர், ஆங்கிலத்திலும் தமிழிலும் இயற்கையைப் பற்றி எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய இவரது பத்தி, 1996-இல் இவர் மறையும் வரை வெளிவந்தது. இந்திய அரசு 1970-இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வண்ணப்படங்கள் பெருகிய காலத்திலும் இவர் கறுப்பு வெள்ளையையே விரும்பினார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். இன்றைய கைப்பேசியே அக்கருவியைக் காட்டிலும் பல வசதிகள் கொண்டது. ஆனால், காட்டில் அவர் காத்திருந்த பொழுதுகளை எக்கருவியாலும் ஈடுசெய்ய இயலாது.

நீர் பிறக்கும் இடம்

கூந்தன்குளத்து நீரின் பிறப்பிடத்தைத் தேடி மேற்கே சென்றால், மலையடிவாரத்தை எட்டுமுன் திருப்புடைமருதூரைக் காணலாம். கடனா நதியும் தாமிரபரணியும் கூடும் இடத்தில் அமைந்த இவ்வூரின் கோயிலைச் சூழ்ந்த மருத மரங்களில் பறவைகள் கூட்டமாகத் தங்கும். ஊர்மக்களின் வேண்டுகோளை ஏற்று, 3 எக்டேருக்கும் குறைவான இவ்விடம் 2005-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இதற்கும் மேற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. சிங்கவால் குரங்குகளைக் காப்பதற்காகக் களக்காட்டில் 1976-இல் அமைந்த சரணாலயமும், முன்பே இருந்த முண்டந்துறைச் சரணாலயமும் இணைந்து 1988-இல் இக்காப்பகம் உருவானது. மணிமுத்தாறு அருவியும் பாபநாசத்தை அடுத்த அகத்தியர் அருவியும் இம்மலையைச் சார்ந்தவை.

குளத்தில் பழகிய முறைகள் பல அருவியில் பயன்படா. இங்கு ஒளி குறைவு. நீர்த்துளி வில்லையில் படியும். அருவியை வெண்பட்டுப் போலக் காட்ட விரும்புவோர் கருவியைத் தாங்கியில் நிறுத்தி அரை நொடி அளவுக்கு ஒளியை விடுவர். அந்த அரை நொடியில் அசையும் உயிர் எதுவும் புகையாகக் கலைந்துவிடும். பாறையில் அமர்ந்து மனிதர் சீழ்க்கையடிப்பதுபோல் பாடும் சீகாரப் பூங்குருவியைப் பிடிக்க வேண்டுமெனில் பட்டருவியை மறந்துவிட வேண்டும்.

அருவியின் ஓசையும் ஆராயத்தக்கது. பெரும்பாலான தவளைகள் குரலால் இணையை அழைக்கும். விரைந்தோடும் நீரின் இரைச்சலில் குரல் மட்டும் போதாது. ஆதலின் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நடனத் தவளைகளுள் ஆண், நிழல் படர்ந்த ஓடைப் பாறையில் அமர்ந்து பின்னங்காலை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக் கொடிபோல் அசைத்துக் காட்டுகிறது. கட்டைவிரல் அளவே உள்ள இத்தவளையைப் பார்த்தும் கடந்துவிடுவோர் பலர். இதன் பாறையைப் புரட்டுவதோ, நல்ல கோணத்திற்காகத் தவளையைக் கையால் எடுத்து வைப்பதோ வழிகாட்டிகளால் கண்டிக்கப்படும் செயல்கள். மனிதத் தோலில் உள்ள உப்பும் களிம்பும் தவளையின் மென்தோலைக் கெடுக்கும்.

படத்தின் பிற்கால வாழ்வு

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் ஒருங்கிணைக்கும் இப்பணியில் மாணவர்களும் தன்னார்வலர்களும் பங்கேற்கின்றனர். ஐயத்திற்குரிய பறவையை அடையாளம் காண ஒளிப்படமே சான்றாகிறது. கலங்கிய படமாயினும் அலகின் வடிவமும் காலின் நிறமும் தெரிந்தால் அது பயன்படும். கண்காட்சிக்குரிய படமாக இருக்க வேண்டுவதில்லை.

கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து இதற்குத் தக்க சான்று. நடு ஆசியாவில் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை, இமயமலையைக் கடந்து தென்னகம் வருகிறது. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் சில வாத்துகளின் கழுத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்த பட்டையை இட்டுப் பறக்கவிடுகின்றனர். தென்னிந்திய நீர்நிலைகளில் எடுக்கப்பட்ட படங்களில் அவ்வெழுத்துகளைப் படித்து, அவ்வாத்து எந்த ஏரியிலிருந்து வந்தது என்பதை அறிந்துள்ளனர். பறந்தோடும் வாத்தின் பட்டையைப் படிக்க இயலாது. அது அஞ்சாமல் கரையில் நின்று, தலையை உயர்த்தியும் தாழ்த்தியும் புல்லை மேய்ந்துகொண்டிருக்க வேண்டும்.